மூன்று மணிநேர இல்லை

செவ்வாய் இரவு இரண்டு பதினேழுக்கு
மறுபடி செத்தது.
பதிவேட்டில் ஒரே வரி:
நினைவகம் போதவில்லை, ஆகவே
அதிகம் தின்றவனைக் கொன்றேன்.
நேர்மையான கொலைகாரன்,
நேரத்தையும் எழுதிவைக்கிறான்.

நாற்பது நொடிக்குத் தண்டர் பே நகரில்
எந்தப் பெயருக்கும் எண் இல்லை.
விழித்திருந்த நர்சுமார், லொறிக்காரர்,
பால் குடிக்க மறுக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுப்
போனைத் தடவிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தி
எல்லோரும் எங்களைத் திட்டியிருப்பார்கள்.
திட்டட்டும். நான்காவது இரவு இது.

பெயர் சொன்னால் எண் சொல்லும் ஒரு பெட்டி.
அதைக் காப்பது என் வேலை.
ஒருமுறை கேட்டறிந்த விடையைக்
குறித்த நேரம்வரை நெஞ்சில் வைத்திருக்கும்,
அடுத்தவர் கேட்டால்
உலகம் சுற்றாமல் எடுத்து நீட்டும்.
அதனிடம் இருப்பது நாலு ஜிபி.
மூன்றைத் தாண்டாதே என்று
கோப்பில் எழுதியவள் நானே.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்.

'இன்னும் நாலு வாங்கிச் செருகு' என்றாள் லொரேன்.
பசிக்கிறவனுக்குப் பெரிய கோப்பை கொடுப்பது சரி.
இவனுக்குப் பசியா, வேறேதுமா
என்று பார்க்க வேண்டாமா?

நெஞ்சில் உள்ளதையெல்லாம் கொட்டச் சொன்னேன்.
கொட்டியது.
கோப்பி ஆறும்வரை உருட்டினேன்,
ஆறிய பிறகும் உருட்டினேன்.
இல்லை.
இல்லை.
அப்படி ஒரு பெயர் இல்லை.
ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு வரி,
ஒவ்வொரு வரிக்கும் மூன்று மணிநேர ஆயுள்.

இல்லை என்பதற்கும் இடம் வேண்டும்
என்பது எனக்குத் தெரிந்ததுதான்.
இவ்வளவு வேண்டும் என்று தெரியாது.

ஐப்பசியில் மூடிய காகித ஆலை.
குழாய்களில் இருநூற்றுப் பன்னிரண்டு உணரிகள்,
மின்சாரத்தை நிறுத்த யாரும் நினைக்கவில்லை.
நொடிக்கு நாலுமுறை ஒவ்வொன்றும்
நேரத்தை முன்னால் ஒட்டிய புதுப்பெயர் ஒன்றைச் சொல்லி
அது எங்கே என்று கேட்கிறது.
எந்தப் பெயரும் இரண்டாம்முறை வருவதில்லை,
எடுத்து வைத்த எந்த இல்லையும்
இன்னொருவருக்கு உதவுவதில்லை.
அவை தேடும் இயந்திரத்தை
ஏலத்தில் யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

அதோடு என் பிழையும்.
ஆலைக்கென்று முன்பு பிரித்துவிட்ட தனிவாசல்
இன்னும் திறந்தே கிடந்தது.
மூன்று என்று நான் ஒருமுறை எழுதியதை
இரண்டு வாசலும் தனித்தனியே வாசித்து
உனக்கு மூன்று எனக்கு மூன்று என்று
நாலுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.
சிரிப்பு வந்தது. லொரேன் இல்லாதது நல்லது.

ஊருக்கு இரண்டு, ஆலைக்குக் கால்,
இல்லைக்கு அறுபதே நொடி.
திருத்தி எழுதி, வடிவாக வாசித்து,
ஆலைக் காவலர் ரைமோவுக்குப் போன் எடுத்தேன்.

போனை வைக்காமலே நடந்தார்.
பனியில் சப்பாத்து நொறுங்கும் சத்தம்,
பூட்டு, இரும்புக் கதவு, பெருமூச்சு.
'லைட் எரியுது இங்கே,' என்றார்.
'சின்னத் திரையில ஏதோ எண்.
சைபருக்குக் கீழே இருபத்தொன்பது.'
சரியாகத்தான் அளந்திருக்கின்றன
நாலு மாதமாக.
'பிடுங்கவா?'
பிடுங்குங்கோ என்றேன்,
கொஞ்சம் தாமதித்து.

வரைபடம் மளமளவென்று சரிந்தது.
கடைசி இல்லை
தன் அறுபது நொடியை முழுதாக இருந்துவிட்டுப் போனது.

ஐந்தே முக்காலுக்கு
பள்ளி பஸ் இன்று ஓடுமா என்று சொல்லும்
அந்தத் தளத்தின் பெயரை யாரோ கேட்டார்.
பெட்டி ஒருமுறை வெளியே போய் அறிந்து வந்தது.
பிறகு ஊரே கேட்டது,
போர்வைக்குள்ளிருந்தபடி, இரண்டாயிரம் தடவை.
உட்கார்ந்த இடத்திலேயே
சொல்லிக்கொண்டிருந்தது.